பகிடி அவ சொன்னது, பேரு யாருக்கு விழுந்தது?

மடுவத்து அக்கா பதில்கள்

போன மாசம் கடைசிப் பக்கத்துல "பொம்பளைங்க பகிடி பத்தி ஏதாச்சும் கேக்கணும்னா எழுதுங்க"ன்னு ஒத்த வரி போட்டோம், அவ்வளவுதான், கடுதாசி, வாட்ஸ்அப், வாய்ஸ் மெசேஜ்னு சித்திரை மாசத்து தேயிலைக் கொழுந்து மாதிரி குமிஞ்சிருச்சு. எல்லாத்துக்கும் பதில் எழுத எடம் இல்ல, முத்தல தள்ளிட்டு தளிர் மட்டும் கிள்ளி எடுத்திருக்கேன், விட்டுப் போனவங்க கோவிக்காதீங்க.

கேள்வி: நான் ஏ.எல் படிக்கிறேன் அக்கா. ஸ்கூல் கலைவிழாவுல ஒரு காமெடி நாடகம் போட்டோம், நான்தான் கங்காணி வேஷம், மீசை எல்லாம் வச்சு. எல்லாரும் விழுந்து விழுந்து சிரிச்சாங்க. வீட்டுக்கு வந்தா அம்மாச்சி "பொம்பள சிரிச்சா போச்சு, பொகையில விரிச்சா போச்சு"ன்னு திட்டுறாங்க, அண்ணன் "பொம்பளைங்களுக்கு இயற்கையிலயே காமெடி வராது, அது சயின்ஸ்"ங்கிறான். நெசமாவா?
— வாசகி, பொகவந்தலாவை

மொதல்ல அம்மாச்சி விசயத்த பாப்போம் தங்கச்சி. பொகையிலய விரிச்சு போட்டா காத்து பட்டு காரம் போயிரும், வெத்தல போடுற எல்லாருக்கும் தெரியும், அதனால அந்த பழமொழியில பாதி சரிதான். மிச்ச பாதிய எந்த மகராசன் ஒட்ட வச்சான்னு தெரியல, ஆனா ஒங்க அம்மாச்சி மலையில நெரை புடிச்சு கொழுந்து எடுத்த அத்தன வருசமும் சிரிக்காமலா எடுத்தாங்க? பக்கத்து நெரையில நின்ன பாட்டிங்க யாராச்சும் இருந்தா தனியா கேட்டு பாரு, கத கதயா வரும்.

இந்த பழமொழி வந்தா பின்னாடியே திரௌபதியும் வந்துருவா. அவ சிரிச்சதாலதான் பாரதச் சண்டையே வந்துச்சுன்னு கூத்து பாத்துட்டு வர்ற வழியில எங்க தாத்தா கூட சொல்லுவாரு. சரின்னு பெரியவளானதும் வியாசர் பாரதத்த தேடி சபா பருவத்துல அந்த எடத்த படிச்சேன். துரியோதனன் பளிங்குத் தரைன்னு நெனச்சு தண்ணியில விழுறான், விழுந்ததும் சிரிக்கிறது பீமன், அர்ச்சுனன், நகுல சகாதேவன், அரண்மன வேலக்காரங்க. திரௌபதி அந்த காட்சியிலயே இல்ல. ஊருக்கு போயி அப்பா திருதராட்டிரன்கிட்ட மொறையிடும்போதுதான் "திரௌபதியும் மத்த பொம்பளைங்களோட சேர்ந்து சிரிச்சா"ன்னு ஒரு வரிய சேக்குறான். சிரிச்சது நாலு தடியனுங்க, பழி விழுந்தது பொம்பள தலையில, அதுவும் விழுந்தவன் சொன்ன சாட்சிய வச்சு! அம்மாச்சிகிட்ட இத சொல்லு, ஆனா மெதுவா சொல்லு.

இப்ப ஒங்க அண்ணனோட சயின்ஸ். அவன் கூகுள்ல தேடி எடுத்துட்டு வர்றதுக்கு முன்னாடி நானே சொல்லிடுறேன், நாளைக்கு அக்கா மறைச்சிட்டான்னு சொல்லக் கூடாது பாரு. 2020ல வந்த ஒரு ஆராய்ச்சி, அதுக்கு முன்னாடி செஞ்ச 28 ஆராய்ச்சிய ஒண்ணா சேத்து, அஞ்சாயிரம் பேருக்கு மேல, எழுதினது ஆம்பளையா பொம்பளையான்னு தெரியாமலே ஜோக்குக்கு மார்க் போட வச்சு கணக்கு பாத்துச்சு. ஆம்பளைங்கள்ல 63 சதவீதம் பேர் சராசரி பொம்பளய விட கொஞ்சம் கூட எடுத்திருந்தாங்க. ரெண்டு பக்கமும் சமம்னா அது 50 ஆ இருக்கணும், 63தான் வந்துச்சு, சின்ன வித்தியாசம்தான், அதுவும் பொறப்புலயே வந்ததா இல்ல சின்ன வயசுலருந்து "நீ சொல்லுடா, நீ வாய மூடுடி"ன்னு வளத்ததால வந்ததான்னு அந்த ஆராய்ச்சி முடிச்சு சொல்லல. சரி, மிச்சம் 37 சதவீத ஆம்பளைங்க சராசரி பொம்பளைக்கு கீழதானே? ஒங்க அண்ணன் அந்த 37ல இல்லன்னு என்ன அத்தாட்சி, ஒரு ஜோக் சொல்ல சொல்லி பாரேன்.

எனக்கு அத விட சுவாரசியமா பட்டது இன்னொண்ணு. கலிஃபோர்னியாவுல சான் டியேகோ பல்கலைக்கழகத்துல லாரா மிக்கஸ்னு ஒரு அம்மாவும் கூட்டாளிங்களும் 2011ல செஞ்சது. 16 ஆம்பள 16 பொம்பளய ஒக்கார வச்சு கார்ட்டூன் படத்துக்கு வாசகம் எழுத சொன்னாங்க, பேர மறைச்சு மார்க் போட வச்சாங்க, அஞ்சுக்கு 0.11 புள்ளிதான் ஆம்பளைங்க கூட, அதுலயும் பெரும்பங்கு ஆம்பளைங்க போட்ட மார்க்குதான். வேடிக்க அதுக்கப்புறம்தான். எந்த வாசகம் யார் எழுதினதுன்னு காட்டிட்டு, கொஞ்ச நேரம் கழிச்சு ஞாபகத்துலருந்து சொல்ல சொன்னா, நல்ல ஜோக்க எல்லாம் ஆம்பள எழுதினதுன்னும் மொக்க ஜோக்க எல்லாம் பொம்பள எழுதினதுன்னும் மாத்தி மாத்தி சொல்லியிருக்காங்க, பொம்பளைங்க உட்பட! 

படிச்சதும் எனக்கு எங்கம்மா ஞாபகம் வந்துருச்சு.

நான் ஓ.எல் எழுதின வருசம், மாசி மாச வெயிலு, மூணு கெழமையா ஒரு பொட்டு மழை இல்ல, மடுவத்துல கொழுந்து நிறுக்குறாங்க. கணக்கப்புள்ள அம்மாவோட கொழுந்த நிறுத்துட்டு "பதினேழு, தண்ணிக்கு மூணு கழிச்சு பதினாலு"ன்னு எழுதுறாரு. நம்ம ஆளுங்களுக்கு சொல்லத் தேவையில்ல, வெளியூர் வாசகர்களுக்காக சொல்றேன், மழை நாள்ல எலையில ஈரம் இருக்கும்னு ஒரு கணக்கு கழிப்பாங்க, அது பழகி பழகி வெயில் நாள்லயும் கழிய ஆரம்பிச்சிரும், கிலோ கொறஞ்சா அன்னிக்கு முழுப்பேரு விழாது அரைப்பேருதான், பேருன்னா எங்க ஊர்ல ஒரு நாள் சம்பளம், லயம்னா நாங்க குடியிருக்குற வரிசை வீடு. அம்மா கூடைய கீழ வச்சிட்டு ரொம்ப பணிவா "ஐயா, அந்த மூணு கிலோ தண்ணிய ஒரு போத்தல்ல ஊத்தி குடுத்துருங்க, லயத்துல ரெண்டு நாளா பைப்புல தண்ணி வரல"ன்னாங்க. ஒரு செக்கன் மடுவமே அமைதி. அப்புறம் வெடிச்சிச்சு பாரு, கணக்கப்புள்ள சிரிப்ப அடக்க முடியாம தராசுக்கு பின்னாடி திரும்பிக்கிட்டாரு, அன்னிக்கு யாருக்கும் ஒரு கிலோவுக்கு மேல கழிக்கல.

பன்னெண்டு வருசம் கழிச்சு ஒரு கல்யாண வீட்டுல மைக்க புடிச்ச ஒரு தம்பி "எங்க சித்தப்பா ஒரு தடவ மடுவத்துல என்னா சொன்னாரு தெரியுமா"ன்னு இதே கதய சொல்றான். அந்த சித்தப்பா வேல செஞ்ச காலம் பூரா தேயிலைச் செடிய கவ்வாத்து வெட்டினவரு, கொழுந்து கூடையையே தோள்ல மாட்டினதில்ல! நான் கொதிச்சு போயி அம்மாவ கிள்ளினேன். அம்மா எலையிலருந்து தலைய தூக்காம, "விடுடி, நல்லாத்தான் சொல்றான், என்னா, போத்தல்லன்னு சொல்லிட்டு ஒரு மூச்சு நிறுத்தியிருக்கணும், அவசரப்பட்டு ஓடிட்டான்"னாங்க.

அண்ணன்கிட்ட சொல்லு தங்கச்சி, பொம்பளைங்களுக்கு காமெடி வரும், வந்துக்கிட்டேதான் இருக்கு, பேருதான் வேற எடத்துல விழுது. மீசைய பத்திரமா எடுத்து வை, அடுத்த வருசம் தேவப்படும்.

கேள்வி: கோவிக்காதீங்க அக்கா, நியாயமா கேக்குறேன். தமிழ் சினிமாவுல காமெடின்னா ஆம்பளைங்க அம்பது பேர சொல்லலாம். பொம்பளைங்கன்னா மனோரமா, கோவை சரளா, முடிஞ்சுச்சு. தெறம இருந்தா வந்திருக்க மாட்டாங்களா?
— வாசகர், தலவாக்கலை

கோவமே இல்ல தம்பி, நீங்களே அந்த கார்ட்டூன் ஆராய்ச்சிக்கு சாட்சி சொல்ல வந்த மாதிரி இருக்கு. ரெண்டு பேருதான் ஞாபகத்துல நிக்கிது, வந்தது ரெண்டு பேரு இல்ல.

டி.ஏ. மதுரத்துலருந்து ஆரம்பிங்க. கலைவாணர் என்.எஸ். கிருஷ்ணனோட ஜோடின்னுதான் சொல்லுவாங்க, ஜோடின்னா பந்து அடிக்க இன்னொரு ஆள் வேணும்ல, அவர் போட்ட பந்த திருப்பி அடிச்சது அந்த அம்மா. லட்சுமிகாந்தன் கொலை வழக்குல 1944ல அவர புடிச்சு உள்ள போட்டு 1947ல விடுதலை ஆகுற வரைக்கும் நாடகக் கம்பெனிய சாய விடாம புடிச்சு நின்னதும் அவங்கதான். டி.பி. முத்துலட்சுமிய ஒங்க அப்பத்தாகிட்ட கேளுங்க, பேர் சொன்னதும் சிரிப்பாங்க. 1959ல கல்யாணப்பரிசு, தங்கவேலு எழுத்தாளர்னு பொய் சொல்லிக்கிட்டு திரியுற காமெடி, இன்னிக்கும் யூடியூப்ல ஓடுது, அதுல அந்த பொய்ய நம்பி நம்பி கேள்வி கேக்குற எம். சரோஜா இல்லாம அந்த காமெடியில என்னா இருக்கு, அந்த மூஞ்சியில அவ்வளவு நம்பிக்க இருக்குறதாலதான் நமக்கு சிரிப்பே வருது. சச்சு இருக்காங்க, ஊர்வசி இருக்காங்க. ஊர்வசி ஒரு வசனத்த பாதியில விட்டுட்டு வேற வசனத்துக்கு தாவி திரும்ப வர்ற அந்த பாணி, எனக்கு தெரிஞ்சு வேற யாருக்கும் வராது, மகளிர் மட்டும் 1994ல வந்தது, இப்ப பாருங்க.

மனோரமா கத தெரியும்ல? நாடகத்துல கதாநாயகியா நடிச்சுக்கிட்டு இருந்த பொண்ணு, 1958ல மாலையிட்ட மங்கையில கண்ணதாசன் காமெடி வேஷம் குடுத்தாரு. ஆயிரம் படத்துக்கு மேல போயி கின்னஸ்ல பேரு வந்துச்சு. 1968ல தில்லானா மோகனாம்பாள்ல சிவாஜி, பத்மினி, நாகேஷ், பாலையான்னு மலை மலையா ஆளுங்க நிக்கிறாங்க, நடுவுல ஜில் ஜில் ரமாமணி வந்து அந்த காட்சிய தூக்கி இடுப்புல சொருகிக்கிட்டு போறாங்க. இவ்வளவுக்கும் தேசிய விருது குடுத்தது எதுக்கு தெரியுமா, புதிய பாதையில அழ வச்சதுக்கு. சிரிக்க வச்சதுக்கு குடுத்தா கொறஞ்சிருமாம், ஆம்பள காமெடியனுக்கும் இதே கததான், அது வேற பஞ்சாயத்து.

கோவை சரளா 1995ல சதிலீலாவதியில கமல்ஹாசனுக்கு ஜோடியா கொங்குத் தமிழ்ல பின்னி எடுத்தாங்க, அதுக்கப்புறம் அவங்களுக்கு ஜோடியா எந்த பெரிய ஹீரோவ போட்டாங்கன்னு எண்ணி பாருங்க, விரல் மிச்சமாகும். புருசன அடிக்கிற பொண்டாட்டி, குண்டு பொம்பள, கறுப்பு பொம்பள, மாப்பிள கெடைக்காத பொம்பள, இந்த நாலு சட்டைய மாத்தி மாத்தி போட்டுக்க சொல்லிட்டு "ஏன் புதுசா எதுவும் வரல"ன்னு கேட்டா என்னா பண்றது? வசனம் எழுதுறவரு ஆம்பள, எடுக்குறவரு ஆம்பள. அப்புறம் இதையும் யோசிங்க, ஆம்பள ஒருத்தன் சேல கட்டி நடந்து வந்தாலே போதும் தியேட்டர் சிரிக்கிது, பொம்பள சேலயோடவே நின்னு ஒரு ஜோக் சொன்னா மொறைக்கிறோம்.

நம்ம நாட்டு கணக்கும் ஒண்ணு சொல்றேன். ரேடியோவுல கலக்கி 1976ல படமாவும் வந்த கோமாளிகள், அதுல மரிக்கார் ராமதாஸ், உபாலி செல்வசேகரன், அப்புக்குட்டி ராஜகோபால், ஐயரா வர்ற அப்துல் ஹமீத், நாலு பேரும் நாலு ஊரு தமிழ் பேசி சிரிக்க வச்சாங்க, எங்க வீட்டுல எல்லாருக்கும் உசுரு. நாலும் ஆம்பள. அஞ்சாவதா ஒரு கொழுந்து எடுக்குற பொம்பளய அந்த கூட்டத்துல விட்டிருந்தா என்னா ஆகியிருக்கும்னு அடிக்கடி நெனச்சுக்குவேன்.

கேள்வி: என் மனைவி குடும்ப வாட்ஸ்அப் குரூப்ல என்னைய வச்சே ஜோக் போடுறா. மாமனார் வீட்டு ஆளுங்க எல்லாம் சிரிப்பு பொம்ம அனுப்புறாங்க. என்ன செய்யலாம்?
— பெயர் வேண்டாம், மஸ்கெலியா

ஜோக் நல்லா இருக்கான்னு சொல்லாம விட்டுட்டீங்களே அண்ணே. நல்லா இருந்தா நீங்களும் ஒரு சிரிப்பு பொம்ம போடுங்க. நல்லா இல்லன்னா மாமனாரும் சிரிச்சிருக்க மாட்டாரு. ஒங்கள நெசமாவே நோக வைக்கிற விசயம் எதாச்சும் இருந்தா, சம்பளம், குடி, வேல போனது அப்படி, அத தனியா ஒக்காந்து "இத மட்டும் விட்டுரு"ன்னு சொல்லுங்க, கேப்பாங்க. சட்டைய திருப்பி போட்டுக்கிட்டு பெரட்டுக்கு, அதான் காலையில வேல பிரிச்சு குடுக்குற எடத்துக்கு, போன கத மாதிரின்னா, மன்னிச்சிருங்க, அது ஊர் சொத்து.

கேள்வி: நான் ஆசிரியை. ஸ்டாஃப் மீட்டிங்ல ஒரு வாத்தியார் சேர் பழைய ஜோக்கையே திரும்ப திரும்ப சொன்னாலும் எல்லாரும் சிரிக்கிறாங்க, "ரொம்ப கலகலப்பான மனுசன்"ங்கிறாங்க. நான் ஒரு நாள் ஒரு பகிடி விட்டேன், "டீச்சருக்கு இன்னிக்கு பாடம் இல்ல போல"ன்னு ஒரே வெட்டு. அதுலருந்து வாயே தொறக்குறதில்ல.
— வாசகி, பண்டாரவளை

இதுக்கும் ஒரு ஆராய்ச்சி இருக்கு டீச்சர், 2019ல அரிசோனா பல்கலைக்கழகத்து ஆளுங்க செஞ்சது. ஒரு ஆம்பள நடிகர், ஒரு பொம்பள நடிகை, ரெண்டு பேரையும் கடை மேனேஜரா நிக்க வச்சு ஒரே ஸ்கிரிப்ட பேச வச்சாங்க, ஜோக்கோட ஒரு தடவ, ஜோக் இல்லாம ஒரு தடவ. ஜோக் சொன்ன ஆம்பளைக்கு "ஆளு பெரிய ஆளு, வேலயும் நல்லா செய்வான்"னு மதிப்பு ஏறுச்சு. அதே ஜோக்க அதே மாதிரி சொன்ன பொம்பளைக்கு மதிப்பு எறங்குச்சு, வேலயில கவனம் இல்லாதவன்னு. அதனால ஒங்க பகிடி மேல சந்தேகப்படாதீங்க, தராசு கோணலா இருக்கு.

இன்னொரு பழைய சங்கதி, ராபர்ட் ப்ரொவைன்னு ஒரு அமெரிக்க பேராசிரியர், கடத்தெரு ரோட்டு ஓரம்னு சுத்தி ஆளுங்க இயல்பா பேசி சிரிக்கிற 1,200 எடத்த குறிச்சு வச்சாரு. பொம்பள பேசி ஆம்பள கேக்குற எடத்துல, கேக்குறவர விட பேசுற பொம்பள ரெண்டு மடங்குக்கும் மேல சிரிக்கிறா. அதாவது பேசுறதும் நாமளே சிரிக்கிறதும் நாமளே, அவரு சும்மா நிக்கிறாரு. அது மட்டும் இல்ல, பெரும்பாலான சிரிப்பு ஜோக்குக்கே வர்றதில்ல, "சரி அப்ப வரட்டுமா" மாதிரி சாதா பேச்சுக்குத்தான் வருது, அப்படின்னா சிரிப்புங்கிறது பாதி மரியாத, பாதி பயம், பாதி கூட்டாளித்தனம். (மூணு பாதி வருதுன்னு கணக்கு டீச்சருங்க எழுதாதீங்க.)

அதனால என் யோசன, அடுத்த மீட்டிங்ல சேர் அந்த பழைய ஜோக்க எடுக்கும்போது நீங்களும் ஒங்க பக்கத்து டீச்சரும் சிரிக்காம சும்மா அவர பாருங்க. மொறைக்க வேணாம், மரியாதையா, மழை நிக்கிதான்னு பாக்குற மாதிரி. ஒரு தடவ போதும். அப்புறம் நீங்க ஒரு பகிடி விட்டீங்கன்னா பக்கத்து டீச்சர் மொதல்ல சிரிக்கணும், வெளிய போயி அத சொல்லும்போது "இது நம்ம டீச்சர் சொன்னது"ன்னு பேரோட சொல்லணும். நீங்களும் அவங்களுக்கு அதே மாதிரி செய்யணும். வாய மூடிக்கிட்டு மட்டும் இருக்காதீங்க, அந்த சேர் ரிட்டயர் ஆகுற வரைக்கும் அந்த ஒரே ஜோக்கையா எல்லாரும் கேக்குறது?

கேள்வி: நான் கொழும்புல கடையில வேல செய்யிறேன் அக்கா, லீவுல தோட்டத்துக்கு வந்தா டிக்டொக் வீடியோ போடுவேன். எங்க லயத்து ஆளுங்க பேசுற மாதிரியே பேசி நடிப்பேன், நல்லா போகுது. ஆனா சிலர் "நம்ம சனத்தையே கேவலப்படுத்துற"ன்னு கமெண்ட் போடுறாங்க, சிலர் ரொம்ப அசிங்கமா எழுதுறாங்க. அம்மா வேற "அந்த சிங்கள புள்ளய காமெடி பேசினதுக்கு உள்ள போட்டாங்கல்ல, வேணாம்டி"ன்னு பயப்படுறாங்க.
— வாசகி, லிந்துலை

மூணு கேள்வி கேட்டிருக்க. ஒவ்வொண்ணா வர்றேன்.

நம்ம பேச்ச வச்சு சிரிக்கிறது. தொல்காப்பியம் மெய்ப்பாட்டுல மொதல்ல வைக்கிறது நகைய, அது நாலு வழியா வரும்னு சொல்லுது, எள்ளல், இளமை, பேதைமை, மடன். அதுல எள்ளலுக்கு உரை எழுதின பேராசிரியர் ரெண்டு சொல்றாரு, நாம அடுத்தவங்கள எள்ளி சிரிக்கிறது ஒண்ணு, அடுத்தவங்க நம்மள எள்ளும்போது நாமளே சிரிக்கிறது இன்னொண்ணு. ரெண்டாவதுக்கு தைரியம் வேணும், அது உன்கிட்ட இருக்கு. வெளி ஆளுங்க "தோட்டக்காட்டு பேச்சு"ன்னு நம்மள எளக்காரமா நடிச்சு காட்டினத பாத்து கூசிப் போயி வளந்த ஆளு நானு, கொழும்பு பஸ்ஸுல ஏறினா வாயே தொறக்க மாட்டேன் ஒரு காலத்துல. அந்த காயம் உள்ளவங்க உன் வீடியோவ பாத்தா சுருக்குன்னு இருக்கத்தான் செய்யும், அவங்கள திட்டாத. ஆனா நீ நடிக்கிற ஆளு முட்டாளா, வெவரமானவளா? லயத்து ஆயா ஒருத்தி கொழும்பு மேனேஜர வாயடைக்க வைக்கிற மாதிரி நடிச்சா அது ஒரு கத, லயத்து ஆயாவுக்கு போன் எடுக்க தெரியலன்னு அத மட்டுமே நடிச்சா அது வேற கத. எனக்கு தெரிஞ்ச ஒரே சோதன, நீ நடிச்சு காட்டுற அந்த ஆயாவையே பக்கத்துல ஒக்கார வச்சு வீடியோவ போட்டு காட்டு. அவங்க சிரிச்சா போடு. இல்லன்னா அழிச்சிரு.

அசிங்கமா எழுதுறவன். பதில் எழுதாத, புளொக் பண்ணு, மெரட்டுற மாதிரி எழுதினா ஸ்கிரீன்ஷொட் எடுத்து வச்சுக்கோ, வீட்டுல ஒரு ஆளுக்காச்சும் காட்டி வை. தனியா சொமக்காத. ஆம்பள புள்ளைங்க வீடியோவுக்கு கீழ "மொக்க"ன்னு எழுதுறான், உன் வீடியோவுக்கு கீழ உன் ஒடம்ப பத்தி எழுதுறான், இது ரெண்டும் ஒரே விமர்சனம் இல்லங்கிறது உனக்கே தெரியும்.

அம்மா பயம். அவங்க சொல்றது நத்தாஷா எதிரிசூரிய, 2023 ஏப்ரல்ல கொழும்புல ஒரு மேடையில பேசின பகிடி, மே மாசம் கட்டுநாயக்க விமான நிலையத்துல வச்சு கைது பண்ணாங்க, மன்னிப்பும் கேட்டிருந்தாங்க, ஜூலை 5ஆம் திகதி மேல் நீதிமன்றம் பிணை குடுக்குற வரைக்கும் உள்ளதான் இருந்தாங்க. ஆனா அது மதத்த பத்தி வந்த பிரச்சன, அந்த வீடியோவ போட்ட ஆம்பளையும் உள்ள போனாரு, அதனால பொம்பள பகிடி பேசினா ஜெயில்னு அம்மா நெனச்சுக்க வேணாம். ஒரு பகிடிக்கு அவ்வளவு நாள் உள்ள வைக்கணுமான்னு கேட்டா, என் மனசுக்கு ஏத்துக்க முடியல, அத எழுதாம மழுப்பவும் மாட்டேன். நீ நம்ம நாட்டுல எது எங்க சுடும்னு தெரிஞ்சு வச்சுக்கிட்டு செய்யி, அம்மாவையும் ஒரு வீடியோவுல இழுத்து விடு, பயம் பாதி கொறையும்.

கேள்வி: எனக்கு 71 வயது. எங்கள் காலத்தில் காமன் கூத்தில் ரதி வேஷமே ஆண்கள்தான் கட்டுவார்கள், கோமாளியும் ஆண்தான். பெண் மேடையில் ஏறி வேடிக்கை செய்வது நம் வழக்கத்தில் இல்லையே, இது புதுப் பழக்கம் அல்லவா?
— ஓய்வுபெற்ற உத்தியோகத்தர், இராகலை

வணக்கம் ஐயா. மேடையில இல்ல, சரிதான். மேடைக்கு பின்னாடி வந்து பாத்திருக்கீங்களா? சடங்கு வீட்டுல மாமன்காரன் கொண்டு வந்த சீர பாத்து பொம்பளைங்க கும்மி தட்டி பாடுறது, கல்யாணத்துல சம்பந்தி வீட்டு ஆளுங்கள ஏசிப் பாடுறது, அந்த பாட்ட எல்லாம் இந்த பத்திரிகையில நான் அச்சடிக்கவே முடியாது, ஆசிரியர் மயங்கி விழுந்துருவாரு. ஒப்பாரியில கூட, நல்லா கவனிச்சு கேளுங்க, செத்தவருக்கு கடன் குடுக்காத கொழுந்தனாருக்கு ரெண்டு வரி இருக்கும். ஆம்பளைங்க வெளிய பந்தல்ல ஒக்காந்து வெத்தல போட்டுக்கிட்டு இருந்ததால இதெல்லாம் ஒங்க காதுல விழல, அவ்வளவுதான்.

மேடையும் ஒண்ணும் புதுசில்ல ஐயா. கோ. நடேசய்யர் தொழிற்சங்கம் நடத்தின காலத்துல அவரு மனைவி மீனாட்சியம்மை தோட்டத்து ஆளுங்களுக்கு முன்னாடி நின்னு பாட்டாவே பாடி வெளுத்து வாங்கினாங்க, அந்த பாட்டு எல்லாம் 1940ல புத்தகமாவும் வந்துச்சு. அது பகிடி பாட்டு இல்ல, கோவப் பாட்டுதான், ஆனா ஒரு பொம்பள எழுந்து நின்னா கூட்டம் கேக்கும்ங்கிறத எண்பது வருசத்துக்கு முன்னாடியே காட்டிட்டாங்க. ஒங்க பேத்தி யாராச்சும் கோமாளி வேஷம் கட்டுறேன்னா முன் வரிசையில ஒக்காருங்க, மாசிப் பனிக்கு குல்லா போட்டுக்கிட்டு.

கேள்வி: எல்லாருக்கும் பதில் சொல்றீங்க, நீங்க ஒரு ஜோக் சொல்லுங்க அக்கா.
— வாசகி, ஹப்புத்தளை

ஜோக்குக்கு நான் சரிப்பட மாட்டேன் புள்ள, எனக்கு எழுதத்தான் வரும், அம்மாவோட வாய் எனக்கு வரல. ஆனா இத எழுதி முடிச்சிட்டு நேத்து ராத்திரி அம்மாவுக்கு வாசிச்சு காட்டினேன், அந்த தண்ணி போத்தல் கத உட்பட. பிளேன்டீய ஊதி ஊதி குடிச்சிக்கிட்டே முழுசா கேட்டாங்க.

"என் பேர போட்டியா?"ன்னாங்க.

"பேர் போடலம்மா, 'எங்கம்மா'ன்னு மட்டும்தான் போட்டிருக்கேன்"னேன்.

கப்ப கீழ வச்சாங்க. ஒரு மூச்சு நிறுத்தினாங்க.

"அப்ப இதுக்கும் அரைப்பேருதானா?"